பொப்பியும் பூவரசும்

முதலாம் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளிற் பொப்பி மலர் விற்றுப் பொருள் திரட்டும் வழக்கம், 1921இற் பிரித்தானியாவிலே தொடங்கி இலங்கைக்கும் வந்தது. திரண்ட பொருளிற் பெரும்பகுதி கடல் கடந்தது. அதே போரிற் பணியாற்றி மீண்ட இலங்கையருக்குக் கிடைத்ததோ சொற்பம். இதனைப் பொறாத முன்னாட் படைவீரர் தலைவர் ஏலியன் பெரேரா, அவர்தம் நலங்கருதி, அந்நாளிலேயே சூரியமல் விற்பனையைத் தொடங்கினார். சூரியமல் வேறொன்றன்று, யாழ்ப்பாணத்து வேலிதோறும் நின்று வயலுக்குத் தழையுரம் தரும் பூவரசின் மலரே அது.

1933இல் தென்கொழும்பு வாலிபர் கழகத்தார் இம்முயற்சியைப் புதுப்பித்தனர். இலங்கைப் பள்ளிச் சிறார் தம் நாட்டு வீரரை விடுத்துப் பிரித்தானிய வீரருக்குக் காசு கொடுத்தல் முறையோ என்று பத்திரிகையில் வினவியவர் டொரீன் யங் அம்மையார். அவர் ஆங்கிலப் பெண்மணி என்பது கருதத்தக்கது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் உணர்வும் இதற்கு அயலானதன்று.

ஆயினும் இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பாக வளர வளரப் படைவீரர் பின்தள்ளப்பட்டனர். மலர் விற்ற பணம் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணொருத்தியின் கல்விக்கு உதவிற்று. தொண்டர்கள் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் நோயாளரைப் பேணினர். இவை நற்பணிகளே. எனினும், எவர்பொருட்டு அம்மலர் முதலிற் கொய்யப்பட்டதோ அவரைப்பற்றிப் பின்வந்த அரசியல் வரலாறுகள் ஓரிரு வரிகளுக்குமேற் பேசுவது அரிது.