குண்டுமல்லி நாற்றை வீட்டிலேயே தயாரிக்கலாம்: தாய்ச்செடித் தேர்வில் கவனம் தேவை

"செடி நன்றாகத் தழைத்து நிற்கிறது. மூன்று வருடமாகியும் பூ வரத்து இல்லை. என்ன மருந்து அடிக்கலாம்?" மல்லிகை விவசாயிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கவாத்து செய்யாமல் விட்டாலும், நிழல் விழுந்தாலும், தழைச்சத்து அதிகமானாலும் பூ குறையும். ஆனால் சில தோட்டங்களில் இவை எதுவும் காரணமாக இருக்காது. ஒரே வரிசையில் ஒரு செடி பூத்துக் குலுங்கும், பக்கத்துச் செடி வெறும் இலையாக நிற்கும். அது நாற்றோடு வந்த கோளாறு. அதற்கு மருந்து கிடையாது.

குண்டுமல்லியில் விதை பிடிப்பதில்லை. குச்சி அல்லது பதியன் மூலம்தான் பெருக்குகிறோம். அதனால் தாய்ச்செடியின் குணம் அப்படியே நாற்றுக்கு வந்துவிடும். ஒருமுறை நட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் நிலத்தில் நிற்கும் பயிர் இது. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன தங்கச்சிமடம் பகுதியிலிருந்து நாற்று வாங்குவதில் தவறில்லை. ஆனால் எங்கே வாங்கினாலும் அது எந்தச் செடியில் எடுத்த குச்சி என்பது நமக்குத் தெரியாது. நம் தோட்டத்திலோ, தெரிந்தவர் தோட்டத்திலோ எடுத்தால் அது தெரியும்.

தாய்ச்செடியைக் கோடையிலேயே அடையாளம் வையுங்கள்

நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது கழிந்த குச்சிகளை வாரி எடுத்து நடுவது பலரின் வழக்கம். அப்போது செடியில் பூ இருக்காது. எது நல்ல செடி என்று கண்ணுக்குத் தெரியாது. எனவே பூ உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியிலேயே பூப்பறிக்கும் பெண்களிடம் கேளுங்கள். எந்தச் செடியில் கை நிறைகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தச் செடிகளில் கலர் துணி கட்டி வையுங்கள். குறைந்தது நான்கு வயதான, வருடாவருடம் ஒரே சீராகப் பூக்கும் செடியாக இருக்கட்டும்.

பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் சிறு இலைக்கொத்துப் போல வந்திருந்தால் அந்தச் செடியில் ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது. இது பச்சைப்பூ நோய். குச்சி வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். மஞ்சள் வளையம், தேமல் தெரியும் செடிகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

குச்சி எடுத்தல்

ஜூன், ஜூலையில் குச்சி நட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். பச்சையாக வளையும் இளங்குருத்து அழுகிவிடும்; முற்றிக் கட்டையான குச்சியில் வேர் பிடிக்க நாளாகும். இரண்டுக்கும் நடுவில், பென்சிலைவிடச் சற்று மெல்லியதாக உள்ள அரை முற்றல் குச்சியை அதிகாலையில் வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.

ஒவ்வொன்றும் 12 முதல் 15 செ.மீ. நீளத்தில் மூன்று, நான்கு கணுக்களுடன் இருக்க வேண்டும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனியை நேராகவும் வெட்டுங்கள். இப்படி வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஆயிரக்கணக்கில் நடும்போது இது நடக்கிறது. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். மொட்டு இருந்தால் அதையும் கிள்ளுங்கள்.

வேர் ஊக்கிப் பொடி உரக்கடைகளில் கிடைக்கும். குச்சியின் அடிப்பகுதியில் 2 செ.மீ. உயரத்துக்குத் தொட்டு, தட்டிவிட்டு நட்டால் போதும். ஐ.பி.ஏ. தூளாக வாங்கினால் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவு. அது வெறும் தண்ணீரில் கரையாது. முதலில் சிறிது ஸ்பிரிட்டில் கரைத்த பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். அதில் குச்சியைச் சில நொடிகள் மட்டும் நனையுங்கள்.

மண்ணில்தான் அடுத்த ஆபத்து

வேர்முடிச்சு நூற்புழு நாற்றுப் பையின் மண்ணோடுதான் பல தோட்டங்களுக்குள் நுழைகிறது. பழைய மல்லிகைத் தோட்டத்திலும், கத்தரி, தக்காளி போட்ட நிலத்திலும் மண் எடுக்காதீர்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து, கோடையில் ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வெயிலில் போடுங்கள். பிறகு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து பைகளில் நிரப்புங்கள். பையின் அடியில் துளைகள் அவசியம்.

இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு நட்டு, நிழல்வலையிலோ மரநிழலிலோ வைத்து, வளைத்த மூங்கில் மேல் பாலித்தீன் தாள் மூடுங்கள். காலையில் சிறிது நேரம் திறந்து காற்று விட வேண்டும். தண்ணீர் தெளிப்பாகப் போதும்; தேங்கினால் குச்சி கறுத்துவிடும். மூன்றாம் வாரமே துளிர் வரும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், குச்சியில் சேமித்த சத்திலேயே துளிர் வரும். ஐந்து, ஆறு வாரம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால்தான் வேர் வந்திருக்கிறது. அதன்பின் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்குங்கள்.

வீட்டுக்கு நாலு செடி போதும் என்பவர்களுக்குப் பதியன் எளிது. தாழ்ந்த கிளையின் ஒரு கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, வளைத்து மண்ணில் புதைத்து, மேலே கல் வையுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் வேரோடு வெட்டி எடுக்கலாம்.

1.25 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 2,600 செடி தேவை. எல்லாக் குச்சியும் பிழைக்காது என்பதால் 4,000 குச்சி நடுவது நல்லது. நடவுக்கு முன் பத்து, இருபது பைகளைப் பிரித்து வேரைக் கழுவிப் பாருங்கள். பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சு இருப்பது நல்லது; மல்லிகை வேரில் முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்தத் தொகுதி நாற்றையும், அந்த மண்ணையும் வயலுக்குக் கொண்டு போகாதீர்கள்.