இணையக் கண்காட்சியும் ஒரு தாயின் படமும்

வரலாற்று வகுப்பு என்றால் நம்மில் பலருக்கு மனப்பாடம்தான் நினைவுக்கு வரும். ஆண்டு, போர், ஒப்பந்தம், மன்னர் பெயர் என்று படித்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்து விடுகிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் சில ஆசிரியர்கள் இதற்கு மாற்றாக வேறொரு பயிற்சி தருகிறார்கள். காப்பகங்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் கொண்டு மாணவர்களே ஒரு கண்காட்சி அமைக்க வேண்டும். கேட்பதற்கு வெட்டி ஒட்டும் வேலை போலத்தான் இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும்.

இந்த முறை பரவியதில் ராய் ரோசன்ஸ்வைக் என்ற வரலாற்றாசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. 1994-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்கும் புதிய ஊடகங்களுக்குமான ஒரு மையத்தை அவர் தொடங்கினார். 2007-ல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே அந்த மையம் ஓமெக்கா என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. ஸ்வாஹிலி மொழியில் இந்தச் சொல்லுக்குச் சரக்கைப் பரப்பிக் காட்டுவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

ஓமெக்காவில் கண்காட்சி அமைக்க நினைப்பவர், முதலில் ஒவ்வொரு படத்தையும் தனிப் பொருளாகப் பதிவு செய்து அதற்கு விவரம் எழுத வேண்டும். தலைப்பு, உருவாக்கியவர், தேதி, விளக்கம், மூலம், உரிமை என்று மொத்தம் 15 கட்டங்கள் இருக்கின்றன. இந்தப் பட்டியலுக்கு டப்ளின் கோர் என்று பெயர். 1995-ல் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த கூட்டத்தில் இதற்கு அடித்தளம் போட்டார்கள். (அயர்லாந்து டப்ளின் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்!) இந்த விவரங்களை எழுதி முடித்த பிறகுதான் படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்லும் வேலை தொடங்குகிறது.

கட்டங்களை நிரப்புவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது கிராமப்புற ஏழைகளின் நிலையைப் படம் பிடிக்க அமெரிக்க அரசு புகைப்படக்காரர்களை அனுப்பியது. ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் அந்தப் பிரிவின் தலைவர். அவர்கள் எடுத்த படங்களில் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் இன்று காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அவற்றை இணையத்தில் பார்க்கலாம். அவற்றில் மிகப் புகழ் பெற்றது டொரதியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்'. கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்க்கும் ஒரு பெண், அவள் தோள்களில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது இந்தப் படத்துக்குக் கட்டங்களை நிரப்பிப் பாருங்கள்.

தேதி: 1936 என்று எழுதி விடலாம். எந்த மாதம்? நூலகமே பிப்ரவரி அல்லது மார்ச் என்றுதான் சொல்கிறது.

விளக்கம்: பழைய படக்குறிப்பில் வறுமையில் வாடும் பட்டாணி பறிக்கும் தொழிலாளி, ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்று இருக்கிறது. பெயர் இல்லை. பெயரைத் தான் கேட்கவே இல்லை என்று லாங் பின்னாளில் எழுதினார். அந்தப் பெண் யார் என்பது 1978-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண். பலர் அவரை வெள்ளைக்கார விவசாயி என்றே நினைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லாங் எழுதியதையும் அந்தக் குடும்பம் மறுத்தது. தன் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தமும் தாம்சனுக்கு இருந்தது. 1983-ல் அவர் காலமானார்.

மூலம்: எந்தப் பிரதி? படத்தின் வலது ஓரத்தில், கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அழகுக்காக லாங் அதைப் பிற்பாடு நெகடிவிலேயே மறைக்கச் செய்தார். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே விரல் உள்ள படம், விரல் இல்லாத படம் என இரண்டு உண்டு. எதைக் காட்டினாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று கட்டங்களுக்குள்ளேயே இத்தனை கேள்விகள்! பழைய குறிப்பை அப்படியே நகல் எடுத்து ஒட்டும் மாணவர், ஒரு பெண்ணைப் பெயரில்லாத ஏழையாகவே மறுபடியும் உலகத்துக்குக் காட்டுகிறார். கொஞ்சம் தேடும் மாணவர் அவருக்குப் பெயரைத் திருப்பித் தருகிறார். ஆனால் பழைய குறிப்பை அழித்து விடுவதும் தவறு, ஏனென்றால் 1936-ல் அரசு அவரை எப்படிப் பார்த்தது என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டையும் வைத்து, எது பழையது, எது நாம் சேர்த்தது என்று பிரித்துக் காட்டுவதே சரியான முறை.

இன்னொன்றும் உண்டு. தனக்குப் பிடிக்காத நெகடிவ்களில் ஸ்ட்ரைக்கர் ஓட்டை போட்டு விடுவார். அவற்றில் பலவற்றை, வயலுக்கு நடுவிலோ முகத்தின் மேலோ ஒரு கறுப்பு வட்டத்தோடு, தலைப்பு இல்லாமல் இன்றும் நூலகத்தின் இணையத் தொகுப்பில் பார்க்கலாம். காப்பகம் என்பது நடந்தது எல்லாம் சேர்ந்த இடம் அல்ல, யாரோ தேர்ந்தெடுத்தது போக மிஞ்சியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பத்துப் படம் எடுத்துக் கண்காட்சி வைக்கும் மாணவரும் அதே வேலையைத்தான் செய்கிறார், கையில் ஓட்டை போடும் கருவி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே இதைக் கற்பிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் யோசனைகள் இவை. முதலில் மென்பொருளைத் தொட விடாதீர்கள். ஒரே ஒரு படத்தைக் கொடுத்து, கட்டங்களைக் காகிதத்தில் நிரப்பச் சொல்லுங்கள். அதே வரிசையில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். காங்கிரஸ் நூலகத் தளத்தில் அதற்கு வசதி இருக்கிறது. பிறகு எட்டோ பத்தோ படங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தட்டும். கடைசியாக, எவற்றை விட்டோம், ஏன் விட்டோம் என்று ஒரு பக்கம் எழுதட்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கலாம்.

கண்காட்சி அழகாக வராமல் போகலாம். பரவாயில்லை. தாம்சனின் பெயர் தெரிய 42 ஆண்டுகள் ஆயின. இதைத் தெரிந்துகொண்ட மாணவர் அடுத்த முறை ஒரு பழைய படத்தைப் பார்க்கும்போது, இதில் இருப்பவர் யார், இதை எழுதியவர் யார் என்று கேட்காமல் நகர மாட்டார். வரலாற்றுப் பாடத்துக்கு அதைவிட வேறு என்ன பலன் வேண்டும்?