மரமேறிய வேர் ஒட்டுண்ணி: கையாடெண்ட்ரான் குறித்து ஒரு மறுவாசிப்பு

லொராந்தேசியே குடும்பத்துப் புல்லுருவிகள் மண்ணிலிருந்து மரக்கிளைக்குக் குடியேறியது எப்படி என்ற கேள்வி எழும்போதெல்லாம் கையாடெண்ட்ரான் பங்டேட்டம் இடைப்படியாகக் காட்டப்படுகிறது. கோஸ்டாரிகாவிலிருந்து பொலிவியா வரையிலான மலைக்காடுகளில் அது தரையில் தனி மரமாகவும் நிற்கும், பிற மரங்களின் மேல் தொற்றுத்தாவரமாகவும் அமரும். கீழும் வாழ்கிறது, மேலும் வாழ்கிறது. ஆகவே மாறுநிலை என்கிறார்கள். அந்த 'ஆகவே'யைத்தான் ஏற்க இயலவில்லை.

இவ்வாதத்துக்கு ஆதாரம், கோஸ்டாரிகக் களத்தில் கண்டவற்றை யோப் கைட் 1963இல் வெளியிட்ட கட்டுரை. அதை எடுத்தாள்வோர் பெரும்பாலும் செடியின் இருப்பிடத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதிலுள்ள கனமான செய்தி வேறு. மரத்தின் மேல் இருக்கும்போது இச்செடி பற்றுவது உடன் வளரும் மற்றத் தொற்றுத்தாவரங்களின் வேர்களை. மேகக்காட்டுக் கிளைகளில் பாசியும் மட்கும் தடித்துப் படிந்திருக்கும். அதனுள் பிற செடிகளின் வேர்கள் பின்னிக் கிடக்கும். கையாடெண்ட்ரானின் வேரும் அதற்குள்ளேயே ஓடி, பக்கவாட்டில் உறிஞ்சு உறுப்புகளை விடுகிறது. தரையில் செய்வதையே மேலேயும் செய்கிறது. மரம் இங்கே ஓம்புயிரி அன்று. மண்ணைத் தாங்கும் பரண்.

கிளைப் புல்லுருவியாவதற்கு உயரம் போதாது, முளைப்பு மாற வேண்டும். நம் மாமரங்களில் டென்ட்ரோஃப்தி ஃபால்கேட்டா முளைப்பதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: விதையிலிருந்து நீளும் பச்சைத் தண்டு வளைந்து, நுனி வட்டாக விரிந்து பட்டையில் அழுந்தித் துளைக்கிறது. வேர் ஒட்டுண்ணியின் உறிஞ்சு உறுப்போ வேரின் பக்கத்தில், பின்னர் தோன்றுவது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நைட்சியா பிற செடிகளின் வேரை வெண்ணிற வளையமாகச் சுற்றி, உள்ளிருக்கும் கடினமான கூர்விளிம்பால் வெட்டுகிறது. புதைத்த கம்பிவடத்தைக்கூட விடுவதில்லை. மெல்லிய வேரைச் சுற்றி வளைக்கும் அந்த அமைப்பு பருத்த கிளையில் செல்லாது.

கிளைவாழ் லொராந்தேசியே பலவற்றில் பட்டையின் மேல் ஓடும் வேர்கள் இடையிடையே உறிஞ்சு உறுப்பு விடுகின்றனவே என்று கேட்கலாம். மூதாதை வேர் ஒட்டுண்ணி என்பதற்கு அது நல்ல சான்று. அம்மூதாதை பாசிப் படிவில் வாழ்ந்தது என்பதற்கு அன்று. மரபுவழி மரத்தில் கையாடெண்ட்ரான் அடிக்கிளைகளுக்கு அருகில் நிற்கிறது என்பதும் பெரிய வாதமில்லை: உறவினர் மூதாதையர் ஆகிவிடார்.

சந்தலேல்ஸ் வரிசையில் கிளைவாழ்வு ஐந்து முறை தோன்றியதாக 2008இல் வந்த மூலக்கூறு ஆய்வு கூறியது. அவற்றுள் ஒன்று, தென் அமெரிக்கத் தென்கோடியில் நாத்தோஃபேகஸ் மரங்களில் வாழும் மிசோடெண்ட்ரம். அதன் நெருங்கிய உறவான ஷோஃபியா மண்ணில் வேர் பற்றி வாழ்வது. இடையில் தொற்றுத்தாவரப் படி எதையும் காட்ட முடியவில்லை. அங்கே தேவைப்படாத படி லொராந்தேசியேயில் மட்டும் ஏன் கட்டாயம்?

கோஸ்டாரிகப் பதிவை இனம் முழுமைக்கும் விரிப்பதில் எச்சரிக்கை வேண்டும்தான். தாங்கும் கிளையையே துளைத்து வாழும் கையாடெண்ட்ரான் ஆண்டீஸில் கிடைத்தால் இக்கருத்து திருத்தப்பட வேண்டியதே. அதுவரை சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உலர்தாவரத் தாளில் 'தொற்றுத்தாவரம்' என்று மட்டும் குறிக்காமல், பாசியைப் பிரித்துப் பார்த்து, உறிஞ்சு உறுப்பு எந்தச் செடியின் வேரைப் பற்றியிருந்தது என்பதையும் எழுதுங்கள்.