உலோகத்துக்குச் சம்பளம், பிரபஞ்சத்துக்குச் சமன்பாடு

1950களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் பொதுச் சார்பியலை நம்பி யாரும் குடும்பம் நடத்திவிட முடியாது. பாரிசாலில் 1923-ல் பிறந்த அமல்குமார் ராய்சௌதுரி அதை அனுபவத்தில் அறிந்தவர். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட அதே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் 1945-ல் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் சோதனைக்கூடத்தில் போராடியும் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. பிறகு ஆசுதோஷ் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. பெர்லினில் மாக்ஸ் ஃபான் லாவேயிடம் ஆய்வு செய்து திரும்பியிருந்த நிகில் ரஞ்சன் சென்னின் தொடர்பில்தான் சார்பியல் அவரைப் பிடித்துக்கொண்டது.

1952-ல் பழைய கழகத்துக்கே திரும்பினார். அங்கே அவருக்கு இட்ட பணி உலோகங்களின் பண்புகளை ஆராய்வது. அதையும் செய்தார். மனம் மட்டும் வேறொரு கேள்வியிலேயே கிடந்தது.

பிரபஞ்சம் எங்கும் ஒரே சீராக இருப்பதாக வைத்துக்கொண்டால், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் காலத்தின் தொடக்கத்தில் அடர்த்தி முடிவிலியாகும் ஒரு நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ‘ஒருமைப்புள்ளி’ என்பது அதன் பெயர். சீர்மையை அளவுக்கு மீறி நம்பியதால் வந்த கோளாறு அது என்று பலர் ஒதுக்கினார்கள். ராய்சௌதுரி அந்த அனுமானத்தையே தூக்கிப்போட்டார். பருப்பொருள் விரியலாம், ஒரு பக்கமாக நசுங்கலாம், சுழலலாம். அதன் போக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டார். பருப்பொருள் தன் ஈர்ப்பால் உள்நோக்கிச் சரிவதை நசுங்கல் தடுக்கவில்லை, விரைவுபடுத்தியது! எதிர்த்து நிற்கக்கூடியது சுழற்சி மட்டுமே. சுழலும் பிரபஞ்சம் சார்பியலில் சாத்தியம் என்று குர்ட் கோடல் 1949-லேயே காட்டியிருந்ததால், அதையும் கணக்கில் சேர்த்தது வெறும் சம்பிரதாயமல்ல.

1954 ஏப்ரலில் அனுப்பிய கட்டுரை ‘பிசிக்கல் ரிவ்யூ’வில் வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆனது. அது அச்சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஐன்ஸ்டைன் காலமாகியிருந்தார்.

உள்ளூரில் பெரிய சலசலப்பு எதுவுமில்லை. டி.எஸ்சி. பட்டத்துக்கான ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவரான இயற்பியலாளர் ஜான் வீலர் அதை மனமாரப் பாராட்டினார். 1965-ல் ரோஜர் பென்ரோஸும் தொடர்ந்து ஸ்டீபன் ஹாக்கிங்கும் ஒருமைப்புள்ளித் தேற்றங்களை நிறுவியபோது, அவற்றுக்கு அச்சாணியாக இருந்தது அந்தக் கட்டுரையில் பிறந்த ராய்சௌதுரி சமன்பாடு. பென்ரோஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2020-ல். ராய்சௌதுரி 2005-லேயே மறைந்துவிட்டார்.

இருந்திருந்தாலும் பரிசைப் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். 1961-ல் பிரெசிடென்சி கல்லூரிக்குப் போனவர், ஆராய்ச்சிக்கு ஈடாக வகுப்பறையிலும் உழைத்தார். மாணவர்களுக்கு அவர் ‘ஏ.கே.ஆர்.’ இழைக் கோட்பாட்டில் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அசோக் சென் அந்த வகுப்பில் உட்கார்ந்து இயற்பியல் படித்தவர்.