எந்த வருஷத்து ஸ்காட்ஸ்மேன்?

பொம்மை ரயில் என்றால் நமக்குச் சாவி கொடுத்ததும் வட்டமடிக்கும் தகர வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்தில் கதையே வேறு. தலை நரைத்த பெரியவர்கள் பூதக்கண்ணாடியும் பழைய போட்டோவுமாக உட்கார்ந்து, 'இந்த இன்ஜினுக்குப் புகைபோக்கி ஒன்றா, ரெண்டா?' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்!

அப்படி ஒருவரிடம் போய், உலகப் புகழ்பெற்ற 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' நீராவி இன்ஜினை மாடலாகச் செய்து தரச் சொல்லுங்கள். "எந்த வருஷத்து ஸ்காட்ஸ்மேன்?" என்பார்.

கேள்வி நியாயமானதுதான். நைஜல் கிரெஸ்லி டிசைன் செய்த அந்த இன்ஜின், 1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்தபோது அதற்குப் பெயரே கிடையாது. 1472 என்ற நம்பர் மட்டும்தான். மறுவருஷம் வெம்ப்ளி கண்காட்சியில் நிறுத்திவைக்கும்போதுதான் பெயர் வந்தது. நம்பரும் 4472 ஆனது. ஆக, 1472 என்று எழுதிப் பெயர்ப்பலகையும் ஒட்டினால்... போச்சு!

1928 மே 1 அன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல், எங்கேயும் நிற்காமல் ஓடியது. ஒரே ஃபயர்மேன் எட்டு மணி நேரம் நிலக்கரி அள்ளிப் போட்டால் என்ன ஆவார்? அதனால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டருக்குள்ளேயே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சந்து விட்டார்கள். பாதி வழியில், பயணிகள் பெட்டியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இன்னொரு ஜோடி அதற்குள் நுழைந்து வந்து வேலையை ஏற்றுக்கொள்ளும். 1923 மாடலுக்குப் பின்னால் இந்த டெண்டரைக் கோத்துவிட்டால் அதுவும் தப்பு.

1946-ல் மட்டும் நம்பர் ரெண்டு தடவை மாறியது: 502, பிறகு 103. மறுவருஷம் புதிய ரகக் கொதிகலன் ஏறி, ஏ1 வகை இன்ஜின் ஏ3 ஆனது. ரயில்வே தேசியமயமான பிறகு 60103. நடுவே கொஞ்ச காலம் நீல நிறம்கூடப் பூசிப் பார்த்தார்கள். (கறுப்பு-வெள்ளை போட்டோவை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டும்!)

1958-59 குளிர்காலத்தில் இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள். இன்ஜினுக்குத் தெம்பு கூடியது. ஆனால், முன்பு போல் 'குப்'பென்று மேலே சீறாமல் புகை மெதுவாக வெளியேறி, தாழ்ந்து படர்ந்து டிரைவரின் கண்ணை மறைத்தது. ஆகவே 1961-ல் புகையைத் தள்ளிவிட ரெண்டு பக்கமும் தகடுகள். ஒரு மாற்றம், அதனால் வந்த வம்பு, அதற்கொரு மருந்து... ஓடுகிற இன்ஜினின் உருவம் இப்படித்தான் மாறுகிறது.

1963-ல் அதற்கு ரிட்டையர்மென்ட். பழைய இரும்பாகிப் போகவிருந்ததை ஆலன் பெக்லர் என்ற தொழிலதிபர் விலைக்கு வாங்கினார். வெம்ப்ளியில் சின்னப் பையனாக அதைப் பார்த்து மயங்கியவர். தகடுகளைக் கழற்றி, ஒற்றைப் புகைபோக்கி வைத்து, இளம்பச்சை பூசி, 4472 என்று பழைய நம்பரையும் எழுதினார். ஊரே கைதட்டியது.

ஆனால், உள்ளே இருந்தது ஏ3 கொதிகலன்! 4472 என்ற நம்பர் இருந்த காலத்தில் அந்த இன்ஜின் ஏ1. ஏ3 ஆனபோது அந்த நம்பர் இல்லை. அதாவது, பெக்லர் மீட்டெடுத்த உருவத்தில் ஸ்காட்ஸ்மேன் அதற்கு முன் ஒருநாள்கூட ஓடியதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் காப்பாற்றியது ஒரு சிறுவனின் ஞாபகத்தை.

அதோடு முடிந்ததா? 1999-ல் பழுதுபார்த்து வந்தபோது இளம்பச்சை, 4472, கூடவே இரட்டைப் புகைபோக்கி! கொஞ்ச காலத்தில் புகைத் தகடுகளும் சேர்ந்துகொண்டன. மாடலில் யாராவது இப்படிச் செய்திருந்தால் கிளப்பில் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். நிஜ இன்ஜினே செய்துவிட்டதே! 2004-ல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் அதை வாங்கியது. நெடுநாள் பழுதுபார்ப்பு முடிந்து 2016-ல் அது கரும்பச்சையில், 60103 ஆக, தகடுகளோடு வந்தது. கடைசியாகச் சேவையில் இருந்த காலத்து வேஷம் அது. இளம்பச்சையில்தான் பார்ப்பேன் என்று காத்திருந்தவர்களுக்கு முகம் சுருங்கியது.

இதில் பெரிய வேடிக்கை தண்டவாளத்தில் இருக்கிறது. பிரிட்டனில் அதிகம் விற்கும் 'ஓ.ஓ.' மாடல்களில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கு. நிஜத் தண்டவாளத்தின் 4 அடி 8½ அங்குல இடைவெளி அதில் 18.83 மி.மீ. வர வேண்டும். வருவதோ 16.5! பிரிட்டிஷ் இன்ஜின்கள் குட்டை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடம்பைப் பெரிதாக்கிய கம்பெனிகள் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டன.

அதையும் பொறுக்காத சிலர், கடையில் வாங்கிய இன்ஜினின் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, 18.83-க்கு வீட்டிலேயே தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.