வயதா, வேலையா? ஒரு சிறு வரலாறு

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு ஆள் வேண்டுமா? இதை வயதை வைத்து முடிவு செய்ய முடியாது நண்பர்களே. 80-லும் தனியாகச் சமாளிப்பவர்கள் உண்டு. பிறகு எதை வைத்து?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து, 1963-இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறே வேலைகள். நோயின் பெயர் முக்கியமில்லை. துணையில்லாமல் செய்கிறாரா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசியில் சாப்பாடு.

ஆனால் குளிக்க முடியாத நாள் வரை காத்திருக்கலாமா? 1969-இல் பவல் லாட்டனும் எலைன் பிராடியும் இன்னொரு பட்டியல் தந்தார்கள். தொலைபேசி, கடை, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று எட்டு. (ஆண்களுக்கு மட்டும் சமையல், வீட்டு வேலை, துவைப்பதை அன்று கணக்கில் சேர்க்கவில்லை!)

வணிகவியல் படிக்கிற எனக்கு அந்த எட்டாவதுதான் சுருக்கென்றது. கட்டிய கரண்ட் பில்லையே அப்பா மறுபடி கட்டக் கிளம்பினால் நாம் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். தனக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லக்கூடிய காலம் அதுதானே!