நரி நாடாப்புழு நோய்: கண்டறிதலின் வரலாறு

நரியின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் மனிதரின் கல்லீரலில் வளர்வதால் உண்டாகும் கொடிய நோய் நரி நாடாப்புழு நோய் ஆகும். இப்புழுவின் அறிவியல் பெயர் எக்கினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ். அரிதான இந்நோய் வட அரைக்கோளத்தின் புதிய பகுதிகளுக்குப் பரவி வருகிறது. புழு சென்று சேர்ந்த இடங்களில் மருத்துவர்கள் அதை எதிர்பாராததால் நோயைக் கண்டறிவது தாமதமாகிறது.

தொற்றும் முறை

முதிர்ந்த புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் முட்டைகள் நரியின் மலத்துடன் வெளியேறுகின்றன. அவற்றை விழுங்கும் வயல் எலிகளின் கல்லீரலில் இளம்புழு வளர்கிறது. அந்த எலியை நரியோ நாயோ தின்றால் புழு அதன் குடலில் முதிர்கிறது. முட்டைகள் படிந்த உணவு, கைகள் வழியாக மனிதருக்கும் நோய் தொற்றுகிறது. 5 முதல் 15 ஆண்டுகள் வரை அறிகுறி எதுவும் தோன்றாமல் இருக்கலாம்.

புற்றுநோய் என்ற மயக்கம்

இளம்புழு கல்லீரலை அரித்துக்கொண்டு கட்டிபோல் வளர்கிறது. நுரையீரலுக்கும் மூளைக்கும்கூடப் பரவக்கூடும். அதனால் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதைப் புற்றுநோயின் ஒரு வகை என்றே கருதினர். 1855இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ இது ஒட்டுண்ணியால் வருவது என நிறுவினார். ஆயினும் இது தனிப் புழுவா, ஆடுமாடுகளிடம் காணப்படும் நீர்க்கட்டிப் புழுவேதானா என்ற விவாதம் நூறாண்டுகள் நீடித்தது. 1950களில் அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவில் ராபர்ட் ராஷ், எவரெட் ஷில்லர் ஆகியோரும், தெற்கு ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபோகலும் செய்த ஆய்வுகள், இது தனி இனம் எனக் காட்டின.

பரவல்

1920களில் குரில் தீவுகளிலிருந்து ஜப்பானின் ரெபுன் தீவுக்கு நரிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுடன் புழுவும் வந்தது. 1930களில் அங்கு மனிதரிடம் நோய் கண்டறியப்பட்டது. 1960களில் அருகிலுள்ள ஹொக்கைடோவின் கிழக்குப் பகுதியிலும் நோயாளிகள் காணப்பட்டனர்.

ஐரோப்பாவில் 1980களின் இறுதிவரை பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய 4 நாடுகளிலேயே இப்புழு இருப்பதாக அறியப்பட்டிருந்தது. வெறிநோய்த் தடுப்பு மருந்தை இரையில் வைத்து நரிகளுக்குக் கொடுத்தபின் அவற்றின் எண்ணிக்கை பெருகியது. நகரங்களுக்குள்ளும் நரிகள் குடியேறின. பின்னர் போலந்து, பால்டிக் நாடுகள் எனப் பல இடங்களிலும், 2011இல் ஸ்வீடனிலும் புழு கண்டறியப்பட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2013 முதல் 2020 வரை 17 நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

இன்றைய சோதனைகள்

அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஆகியவை கட்டியைக் காட்டும். ஆனால் அது புற்றுநோய்க் கட்டி போலவே தோன்றலாம். எனவே இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும், தேவையெனில் திசுச் சோதனையும் பி.சி.ஆர். சோதனையும் செய்யப்படுகின்றன. 1980களில் புழுவின் எம்2 எனும் பொருளைக் கொண்டு உருவான இரத்தச் சோதனை, இந்நோயை நீர்க்கட்டி நோயிலிருந்து பிரித்தறிய உதவியது.

தொடக்கத்திலேயே அறிந்தால் கட்டியை அறுவை மூலம் முழுவதுமாக அகற்றலாம். தாமதமானால் அல்பெண்டசோல் மருந்தைப் பல ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள நேரிடும். சிகிச்சையே இல்லையெனில் பெரும்பாலோர் இறக்கின்றனர். ஆகவே கல்லீரல் கட்டியுடன் வருபவரிடம் அவர் வாழ்ந்த ஊர்கள், நாய் வளர்ப்பு, நரிகளின் நடமாட்டம் ஆகியவற்றைக் கேட்டறிவதும் நோய் கண்டறிதலின் இன்றியமையாத பகுதியாகும்.